ஓ பிரையனும் பெரட்டுக்களமும்

ஸ்டார் ட்ரெக் பார்க்கிறவர்களிடம் ஒரு கேள்வி. எண்டர்பிரைஸ் கப்பலில் டொய்லட் அடைத்துக்கொண்டால் யார் வந்து திருத்துவாங்க? கெப்டன் பிக்கார்ட் வரமாட்டார், அது தெரியும். டேட்டா வருவாரா? ஜோர்டி வருவாரா? ஆயிரம் பேருக்கு மேல் குடியிருக்கிற கப்பல் அது. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர் ஏழு சீசன், 178 எபிசோட் ஓடியது. அந்த வேலையைச் செய்கிற ஒரு ஆளை ஒழுங்காகக் காட்டியதாக எங்களுக்கு நினைவில்லை. திரையில் பேர் சொல்லி வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே அதிகாரிகள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். 1966இல் அமெரிக்க டிவியில் தொடங்கிய கதை. சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு வரப்போகிற பூமியில் பசி இல்லை, காசு இல்லை, நிறத்தை வைத்து ஆளைப் பிரிப்பது இல்லை. அந்தப் பூமியும் மற்றக் கிரகங்களும் சேர்ந்து நடத்துகிற விண்வெளிச் சேவைதான் ஸ்டார்ஃப்ளீட். அதற்குள் போக இரண்டு வாசல். ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிற அகடமி. அங்கே நாலு வருசம் படித்தால் எண்சைன் என்ற அதிகாரியாக வெளியே வரலாம். மற்றது, நேராகப் போய்க் கையெழுத்து வைத்துச் சேருவது. அப்படிச் சேர்ந்தால் குரூமன், பிறகு வருசங்கள் போகப் போக சீஃப். எவ்வளவு காலம் வேலை செய்தாலும், எவ்வளவு தெரிந்திருந்தாலும், அகடமியிலிருந்து நேற்று வந்த எண்சைன் பிள்ளை பதவியில் சீஃபுக்கு மேலே.

நம்முடைய நாட்டு இராணுவமும் இப்படித்தான். தியத்தலாவை அகடமியில் பயின்று வருகிறவர் ஜனாதிபதியின் அதிகாரப் பத்திரம் பெற்ற அதிகாரி. மற்றவர்களுக்கு ஆங்கிலேயன் வைத்துவிட்டுப் போன பெயரைத் தமிழில் அப்படியே எழுதினால் 'ஏனைய தரத்தினர்'. ஏனையவங்க! ஒரு படையில் பெரும்பான்மையாக இருக்கிறவர்களுக்கு வைத்த பெயர் அது.

தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்கு இந்த இரண்டாவது வாசல் பிடிக்கவே இல்லை. விண்வெளிக்குப் போகிற எல்லாருமே தேர்ச்சி பெற்ற விண்வெளி வீரர்கள், ஆகவே எல்லாருமே அதிகாரி மாதிரித்தான் என்பது அவருடைய எண்ணம். கேட்க நல்லாத்தான் இருக்கு. உண்மையான விண்வெளியிலும் ஆரம்பத்தில் இதுதான் நடந்தது. யூரி ககாரின் ஒரு தச்சரின் மகன், வார்ப்பாலைத் தொழில் படித்தவர். ஆனால் 1961 ஏப்ரல் 12 அன்று அவர் சிரேஷ்ட லெப்டினண்டாக மேலே போய், பறந்துகொண்டிருக்கும்போதே மேஜராகிவிட்டார். நெசவாலையில் வேலை செய்த வலன்டினா தெரஷ்கோவாவையும் விமானப்படையில் சேர்த்து அதிகாரியாக்கித்தான் 1963இல் அனுப்பினார்கள். தொழிலாளி மேலே போகலாம், ஆனால் தொழிலாளியாகவே போக ஏலாது. எல்லாரையும் அதிகாரியாக்கினால் சமத்துவம் வந்துவிடும் என்று ராடன்பெரி நினைத்திருக்கலாம். வந்தது என்னவென்றால், கக்கூஸ் திருத்துகிறவன் கமராவுக்கு வெளியே போனான்.

பிறகு மைல்ஸ் ஓ பிரையன் வந்தார்.

வந்தார் என்பதும் சரியில்லை, ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். அயர்லாந்து நடிகர் கோல்ம் மீனி 1987இன் முதல் எபிசோடிலேயே இருக்கிறார், பெயர் இல்லாமல். அடுத்த வருசம் ஆட்களை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்புகிற டிரான்ஸ்போர்ட்டர் மேசைக்குப் பின்னால் நிரந்தரமாக நிற்கத் தொடங்குகிறார். கழுத்துப் பட்டையில் ஒரு காலம் லெப்டினண்டின் இரண்டு பொட்டு, பிறகு ஒரே ஒரு பொட்டு, அதற்குப் பிறகு வேறு மாதிரிச் சின்னம். இந்த மனிதன் யார் என்று தொடரை எடுத்தவர்களுக்கே நிச்சயமில்லை. 1990இல்தான், வோர்ஃபின் வளர்ப்புத் தகப்பன் ஒரு காட்சியில் 'நானும் உங்களை மாதிரி சீஃப் பெட்டி ஒபிசராக இருந்தவன்தான்' என்கிற மாதிரிப் பேசப்போக, ஓ பிரையன் அதிகாரி இல்லை என்பது உறுதியாகிறது. 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' அவரை அந்த மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்து, ஒரு முழு விண்வெளி நிலையத்தையும் ஓடவைக்கிற ஆளாக்கியது. மனைவி, பிள்ளைகள், தோள்வலி, பழைய யுத்தத்தின் கெட்ட கனவு எல்லாம் அவருக்கு உண்டு. ஒவ்வொரு சீசனிலும் ஓ பிரையனை ஒருமுறையாவது படாதபாடு படுத்துவது என்று எழுத்தாளர்களுக்குள் ஒரு பகிடியே இருந்தது. சாதாரண ஆள் கஷ்டப்பட்டால்தான் பார்க்கிறவனுக்கு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

போன விடுமுறையில் எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து இந்தத் தொடரின் சில காட்சிகளுக்குத் தமிழ் வசன வரி எழுதிப் பார்த்தோம். முதல் காட்சியிலேயே சண்டை. ஆங்கிலத்தில் கெப்டனுக்கும் ஒரே 'யூ', கக்கூஸ் திருத்துகிறவனுக்கும் ஒரே 'யூ'. தமிழில் அந்த வசதி கிடையாது. வாயைத் திறந்த உடனே யார் மேல், யார் கீழ் என்று சொல்லியாக வேண்டும். சிஸ்கோ ஓ பிரையனை 'நீங்க' என்பாரா, 'நீ' என்பாரா? சிஸ்கோ பண்பான மனிதர், 'நீங்க'தான் என்றார் ஒருவர். இன்னொருவர் இறத்தோட்டைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் கேட்டார்: "எந்தத் தொரை கங்காணிய நீங்கன்னு கூப்பிட்டிருக்கான்?" அதோடு எழுதுவது நின்று, இரவு பன்னிரண்டு மணி வரை பேச்சு.

டொக்டர் பஷீர் இளம் ஆள், லெப்டினண்ட். ஓ பிரையன் அவரைவிட மூத்தவர், யுத்தம் பார்த்தவர். 1993இல் வந்த ஒரு எபிசோடில் இரண்டு பேரும் ஒன்றாகப் பயணம் போகிறார்கள். 'என்னை ஜூலியன் என்று கூப்பிடுங்கள்' என்று டொக்டர் கெஞ்சுகிறார். ஓ பிரையனுக்கு அந்தப் பெயர் தொண்டையில் சிக்குகிறது. ஆங்கிலத்தில் பார்த்தால் சிரிப்புக் காட்சி. தமிழில் எழுதிப் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வயதுச் சின்னத்தொரை நல்ல மனதோடுதான் 'பேர் சொல்லிக் கூப்பிடுங்க' என்கிறார். கங்காணிக்கு வாய் வராது. நாளைக்குப் பெரட்டில் நாலு பேர் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். 'சேர்' என்ற சொல்லைக் கைவிடும் உரிமை மேலே இருக்கிறவனுக்கு மட்டும்தான் இருக்கிறது. ஏழாவது சீசனுக்கு வரும்போது இரண்டு பேரும் உயிர் நண்பர்கள். அங்கே இரண்டு பக்கமும் 'நீ' போட்டோம். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

பெரட்டு என்றோமே, அந்தச் சொல்லையே பாருங்கள். தோட்டத்தில் காலையில் தப்படித்து ஆட்களைக் கூட்டி, எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அது வேறு ஒன்றுமில்லை, இராணுவத்தின் 'பரேட்' நம்முடைய வாயில் உருண்டு வந்தது. லயம் என்பது 'லைன்'. படைகளின் குடியிருப்பு வரிசைக்கும் ஆங்கிலேயன் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தான். இது தற்செயல் இல்லை. கோப்பிக் காலத்தின் தொடக்கத்தில் கன்னொருவையில் தோட்டம் போட்ட தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூ போர்க்களத்திலிருந்து வந்த தளபதி. தோட்டத்தை அமைத்தவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கு படையின் ஒழுங்குதான். பெரிய தொரை, சின்னத்தொரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி, ஆள். மாத்தளையில் தேயிலை, றப்பர், கொக்கோ என்று பயிர் மாறி மாறி வந்தாலும் இந்த ஏணி மாறவில்லை. பெயர்ப்பலகையில் மட்டும் தொரை 'முகாமையாளர்' ஆகியிருக்கிறார். வாயில் இன்னும் தொரைதான்.

எங்களில் ஒருவரின் அப்பா இருபத்தேழு வருசமாக ஸ்டோரில் வேலை. அரைத்த கொழுந்து புளித்து எந்த நிமிசத்தில் சூட்டுக்குப் போகவேண்டும் என்பதை அவர் மூக்கால் சொல்லிவிடுவார். மழைநாளில் ஒரு கணக்கு, வெயில்நாளில் ஒரு கணக்கு. புதிதாக வருகிற உத்தியோகத்தர்கள் முதல் ஆறு மாதம் அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தங்களுடைய புத்தகத்தில் நேரத்தைக் குறிப்பார்கள். ஏழாவது மாதம் அதே புத்தகத்தைக் காட்டி அவருக்கு உத்தரவு போடுவார்கள். அப்பா இதைக் கோபமாகச் சொல்வதில்லை. ஒரு மாதிரிப் பெருமையாகச் சொல்கிறார். அந்தப் பெருமைதான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஓ பிரையனின் முகத்திலும் அதே பெருமையைப் பார்த்திருக்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்க வாதம் ஒன்று இருக்கு, அதைச் சும்மா தள்ளிவிட ஏலாது. எல்லாருக்கும் கட்டளை போட ஆசை இல்லை. ஓ பிரையன் இயந்திரத்துக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கத்தான் விரும்புகிறார், அவரைக் கொண்டுபோய்க் கெப்டன் நாற்காலியில் உட்காரவைப்பது அவருக்குத் தண்டனை. அதோடு எதிரி சுடும்போது கூட்டம் போட்டு வாக்கெடுக்க முடியாது, யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கட்டளை போட ஒருவர் வேண்டும் என்பதிலிருந்து, அவர் இந்த வாசலால் வந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்பது எப்படி வந்தது? இரண்டும் வேறு வேறு விசயம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதுதான் படையும் தோட்டமும் செய்கிற வேலை. தொடரிலேயே பாருங்கள், தேவை வந்தால் வாசல் திறக்கிறது. 1995இல் தொடங்கிய 'வோயேஜர்' கப்பல் வீட்டிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தூரத்தில் மாட்டிக்கொண்டபோது, அகடமியைப் பாதியில் விட்டுவிட்டுப் போன பெலானா டோரஸை கெப்டன் ஜேன்வே பிரதம பொறியியலாளர் ஆக்குகிறார். வரிசையில் அடுத்து நின்ற அதிகாரியைத் தாண்டித்தான். கப்பல் ஒன்றும் கவிழவில்லை, நல்லாத்தான் ஓடியது.

கங்காணியையும் ஓ பிரையனையும் ஒரே தட்டில் வைத்துப் புனிதமாக்குகிற நோக்கமும் எங்களுக்கு இல்லை. பழைய காலப் பெரிய கங்காணி ஆள் பிடித்தவர், தலைக்காசு வாங்கியவர், கடனை வைத்து ஆட்களைக் கட்டிப்போட்டவர். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டத்தால்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இடையில் நிற்கிறவன் எப்போதும் நம்ம ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. தொடர் இதைக் காட்டுவதே இல்லை. ஓ பிரையன் தனக்குக் கீழே இருக்கிறவர்களிடம் எரிந்து விழுவார், அவ்வளவுதான்.

இரண்டு எபிசோடுகளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஒன்று 1991இல் வந்த 'த டிரம்ஹெட்'. சைமன் டார்சஸ் என்று மருத்துவப் பகுதியில் வேலை செய்கிற ஒரு பையன், அதிகாரி இல்லை. அகடமியில் நாலு வருசம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நேராகச் சேர்ந்தவன். கப்பலில் சதி நடந்ததாக விசாரணை வருகிறது. அவன்மேல் ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் விசாரிக்கிறவர்கள் தோண்டத் தோண்ட ஒரு விசயம் வெளியே வருகிறது. தன்னுடைய தகப்பன்வழித் தாத்தா வல்கன் இனத்தவர் என்று படிவத்தில் எழுதியிருந்தான். உண்மையில் அவர் எதிரி இனமான ரோமியுலன். அந்த நிமிசத்திலிருந்து அவனுடைய வாழ்க்கை நாசம்.

தகப்பன்வழித் தாத்தா! எங்களுக்கு இது விண்வெளிக் கதையாகத் தெரியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத்தில் பிறந்தவர்களிடம் கேட்டதும் இதையேதான். உன் அப்பா இலங்கையில் பிறந்தவரா? இல்லையென்றால் தாத்தாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததைக் காட்டு. லயத்தில் யாரிடம் இருந்தது பிறப்புப் பத்திரம்? சட்டம் செய்த காயத்தை முழுசாக மூட 2003 வரை போக வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பம் இராமேஸ்வரம் கப்பலில் ஏறிவிட்டது. டார்சஸ் படிவத்தில் பொய் எழுதினான் என்று பிக்கார்டே வருத்தப்படுகிறார். ஆனால் பிக்கார்டிடம் யாரும் தாத்தாவைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் பிரான்ஸில் திராட்சைத் தோட்டம் இருக்கு. தோட்டம் வைத்திருக்கிறவனின் தாத்தாவும் தோட்டத்தில் வேலை செய்கிறவனின் தாத்தாவும் ஒரே மாதிரி விசாரிக்கப்படுவதில்லை.

மற்றது 1996இல் வந்த 'பார் அசோசியேஷன்'. குவார்க்கின் மதுச்சாலையில் வேலை செய்கிற அவருடைய சொந்தத் தம்பி ரோம், சுகமில்லாத நாளுக்கு லீவு கிடைக்காமல் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்கிறான். அப்போது ஓ பிரையன் தன்னுடைய முன்னோர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். 1902ஆம் ஆண்டு பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில் தலைவராக இருந்து சுட்டுக் கொல்லப்பட்டவர். முன்னோர் கற்பனை, ஆனால் அந்த வேலைநிறுத்தம் உண்மையாக நடந்தது. நானூறு வருசத்துக்கு மேல் போன பிறகும் அந்தக் குடும்பம் அந்தக் கதையை மறக்கவில்லை என்பது எங்களுக்குப் பிடித்தது. நமக்கு முல்லோயா கோவிந்தன் இருக்கிறார். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வுக்காக நடந்த போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்தவர். நம்ம வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று உங்கள் வட்டத்தில் கேட்டுப்பாருங்கள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? சங்கத்தின் அருமையை ரோமுக்குச் சொல்லிக்கொடுத்த ஓ பிரையனுக்குச் சங்கம் இல்லை. நாங்கள் பார்த்த அளவில் ஸ்டார்ஃப்ளீட்டில் அப்படி ஒரு பேச்சே வருவதில்லை. சீருடை போட்டவன் நன்றி கேட்கலாம், பாராட்டுக் கேட்கலாம், சேர்ந்து நின்று எதையும் கேட்க முடியாது.

ரோமின் மகன் நோக். அவனுடைய கதைதான் நம்மில் பலருக்கு நெருக்கமானது. 1995இல் அவன் சிஸ்கோவிடம் வந்து அகடமிக்குப் போகச் சிபாரிசுக் கடிதம் கேட்கிறான். அவன் கூட்டமைப்பின் குடிமகன் இல்லை, ஆகவே ஒரு பெரிய அதிகாரியின் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்கவே ஏலாது. ஏன் என்று சிஸ்கோ திருப்பித் திருப்பிக் கேட்க, கடைசியில் உடைந்துபோய்ச் சொல்கிறான்: அப்பா இயந்திரத்தில் மேதை, வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஒரு பெரிய கப்பலின் பிரதம பொறியியலாளர் ஆகியிருப்பார், நான் அவரை மாதிரி ஆகமாட்டேன். தோட்டத்திலிருந்து கம்பஸுக்கு வந்த எங்களில் இந்தக் காட்சியை இரண்டாவது தடவை பார்க்க விரும்பியவர் யாருமில்லை. தோட்டத்து விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தாலே ஒபிசைத் தாண்டித்தான் லயத்துக்கு வரும். கடிதம் ஒன்று வேண்டுமென்றால் அதே ஒபிஸ் வாசலில்தான் நிற்கவேண்டும்.

நோக் போனான், படித்தான். யுத்தம் வந்ததால் படிப்பு முடியுமுன்னமே 1997இல் எண்சைன் ஆனான். ரசிகர்கள் கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம். ஆனால் அவனுடைய அப்பா எங்கே? அதே நிலையத்தில் திருத்துநர். கழிவுக் குழாய் பார்ப்பதும் அவருடைய வேலையில் ஒன்று. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருக்கிறது. லயத்திலிருந்து ஒரு டொக்டர், ஒரு எஞ்சினியர் வந்துவிட்டால் நம்ம ஊரில் கட்டவுட் வைக்கிறோம், முகநூலில் வாழ்த்துப் போடுகிறோம். வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை ஏணியில் ஏறியதை வைத்து ஏணி சரி என்று சொல்லுகிறவர்களோடு எங்களுக்கு ஒத்துவரவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததற்கு என்ன மதிப்பு என்ற கேள்வி அப்படியேதான் கிடக்கிறது.

மதிப்பு என்றதும் சிலையைக் காட்டுவார்கள். 2020இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர் 'லோவர் டெக்ஸ்', கீழ்த்தளத்து ஆட்களைப் பற்றியது என்று பெயர்தான். அதன் நாயகர்களும் எண்சைன்கள், அதாவது சின்னத்தொரைகள். அதில் எதிர்கால வகுப்பறை ஒன்று வரும். ஸ்டார்ஃப்ளீட் வரலாற்றிலேயே முக்கியமான மனிதர் என்று ஓ பிரையனுக்கு அங்கே ஒரு சிலை. நல்ல பகிடி, விழுந்து விழுந்து சிரித்தோம். நமக்கும் நினைவுகூருவது வரும். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர்கள் காடு வழியாகச் செத்து விழுந்து வந்த அதே திசையில், ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை நடந்தோம். அந்த நடை வெறும் நினைவுகூரல் இல்லை, காணி, வீடு, கூலி என்று கோரிக்கைகளோடு வந்த நடை. ஆனால் மேடைகளில் பேசியவர்கள் பலர் 'நாட்டின் முதுகெலும்பு' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டீப் ஸ்பேஸ் நைனின் கடைசி எபிசோடில், 1999இல், ஓ பிரையன் நிலையத்தை விட்டுப் போகிறார். எங்கே? அகடமிக்கு, பொறியியல் கற்பிக்க. அந்த வாசலால் ஒருநாளும் உள்ளே போகாத மனிதன், அந்த வாசலால் வெளியே வரப்போகிறவர்களுக்கு வாத்தியார். அவரிடம் படித்து முடித்த அன்று அவர்கள் எல்லாரும் பதவியில் அவருக்கு மேலே. தொடர் இதை அவருக்குக் கிடைத்த பெரிய மரியாதையாகக் காட்டுகிறது, அவரும் சந்தோசமாகத்தான் போகிறார்.

நம்முடைய தோட்டங்களில் சின்னத்தொரை வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆங்கிலத்துக்கும் படித்த பாடசாலையின் பெயருக்கும் கிரிக்கெட், றக்பிக்கும் கிடைக்கிற புள்ளியில் பாதியாவது இருபது வருசம் மலையிலும் ஸ்டோரிலும் நின்றதற்குக் கொடுக்கலாம். வயதெல்லையைத் தோட்டத்துக்குள் இருந்து வருகிறவர்களுக்குத் தளர்த்தலாம். பரீட்சையைத் தமிழிலும் சிங்களத்திலும் வைக்கலாம். இதற்கு ஸ்டார்ஃப்ளீட் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கம்பனிகளின் ஆளணிப் பிரிவில் ஒரு சுற்றறிக்கை போதும். உக்குவளை, எல்கடுவ, இறத்தோட்டைப் பக்கம் இருக்கிற நண்பர்கள் உங்கள் தோட்டத்தில் இப்படி உள்ளிருந்து மேலே போனவர் யாராவது இருந்தால், எந்தப் படி வரை போனார், அதற்கு மேல் ஏன் போகவில்லை என்று எங்களுக்கு எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், வேலையின் பெயரும் வருசமும் போதும்.